கோதண்டம் சாயம் போட்ட ஏரி

“எங்கப்பன் கடல்ல ஒரு படகைத்தான் கவுத்தான். நான் மலை மேல ஏரியையே கவுத்தவன்!” முகத்துவாரக்குப்பத்துக் கோதண்டம் தன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் ஆரம்பிப்பான்.

அவனுடைய தலையெழுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஒரு கல்லூரிப் புரொபசர் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தார். மெல்லிய துணியில் தைத்த ஒரு குட்டி வலையைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். நாள் பூராவும் இழுத்ததற்கு அரை சீசா கலங்கல் தண்ணீர் கிடைத்தது.

“இத்த வெச்சி இன்னா சார் கொழம்பு வெக்கிறது?”

கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அதில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, மீனுக்கே சோறு அதுதான் என்றார் புரொபசர். மீனை விட்டுவிட்டு மீனின் சோற்றைப் பிடிக்கிற முதல் முட்டாள் தான்தான் என்று கோதண்டம் சிரித்துக்கொண்டான். ஆனாலும் மூன்று வருஷம் தினக்கூலியாக அவருடனேயே சுற்றினான். அறுபத்தெட்டில் வேலை நிரந்தரமாகப் போகிறது என்று தெரிந்ததும் அவன் பெண்டாட்டி பச்சையம்மா குப்பம் முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் மலை ஏரி வேலை வந்தது. புரொபசரிடம் ஆராய்ச்சி செய்த ராயபுரத்துப் பெண் டோரதியின் யோசனை அது. மழையில் தோட்டத்து உரமும் காட்டுச் சருகின் கரிமமும் ஏரிக்குள் இறங்கினால் மிதவை உயிர்கள் என்ன ஆகும் என்று அவள் பார்க்க வேண்டும். ஏரித் தண்ணீர் நிரப்பிய ஜாடிகளில் சிலவற்றில் உரம், சிலவற்றில் சருகு ஊறிய சாறு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஜாடிகளின் வாயில் வெள்ளைப் பருத்தித் துணி கட்டி மூன்று வாரம் ஏரிக்குள் தொங்கவிட வேண்டும். துணி கொண்டுவருவது கோதண்டத்தின் பொறுப்பு.

மூன்று வாரமா? பருத்தி அழுகிப் போகாதா? புது வலையை மரப்பட்டைச் சாயத்தில் வேகவைக்காமல் தண்ணீரில் இறக்குகிறவனைக் குப்பத்தில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே, பாவம் என்று பரிதாபப்பட்டு, அண்டாவில் பட்டையைக் கொதிக்கவைத்து அத்தனை துணிக்கும் சாயம் ஏற்றினான். யாரிடமும் கேட்கவில்லை. மகா கெட்டிக்காரன், எதற்குக் கேட்க வேண்டும்? மலைக் குளிரில் புரொபசரும் டோரதியும் கரையிலேயே நடுங்கிக்கொண்டு நிற்க, அவனே துணி கட்டி ஜாடிகளை இறக்கினான், அவனே எடுத்தான்.

ஒன்றும் போடாத ஜாடிகளெல்லாம் டீ மாதிரி பழுப்பாக இருந்தன. சருகுச் சாற்று ஜாடிகளைப் போலவே அவற்றிலும் நுண்கிருமிகள் பெருகி, இருந்த சத்தையெல்லாம் தின்றுவிட்டு, மிதக்கும் பாசியைப் பட்டினி போட்டிருந்தன.

“ஜாடியை மாற்றி வைத்திருக்கிறாய். இந்த லட்சணத்தில் உனக்கு ஆராய்ச்சி வேறா? நாளையிலிருந்து வராதே!” என்று புரொபசர் டோரதியிடம் கத்தினார்.

வாசலில் நின்ற கோதண்டத்துக்கு அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. மேஜை மேல் அவனுடைய நிரந்தர உத்தரவு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஏரிக்கு இன்னா வாயா கீது? அப்போது டோரதி கண்ணைத் துடைத்தாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சார், பாப்பாவத் திட்டாதீங்கோ. தப்பு எம்மேல கீது. துணி அழுவிடுமேன்னு நாந்தான் பட்டச் சாயம் போட்டேன்.”

புரொபசர் உத்தரவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“குடுத்த சர்க்கரைய ஒவ்வொரு வூடா போயி நீயே திருப்பி வாங்கினு வா” என்றாள் பச்சையம்மா. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் டோரதியே குப்பத்துக்கு வந்தாள், கையில் ஒரு மூட்டை வெள்ளைத் துணியோடு.

“பாதிக்குச் சாயம் போட்டுக் குடுங்கண்ணே. அந்தச் சாயமும் கரிமந்தான். இந்த வாட்டி அத தனியாவே பாக்கப் போறேன்.”

“ஒரு ஏரிய கெடுத்தது பத்தலியாம்மா?” என்று கோதண்டம் நாலடி பின்னால் போனான். ஆனாலும் போட்டுக் கொடுத்தான்.

உத்தரவு எழுபத்தொன்றில் வந்தது. காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பச்சையம்மா சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லை.

“மொதல்ல கைய காட்டு” என்றாள். “நகத்துல சாயம் கீதான்னு பாக்கணும்.”