மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு

கோந்த்வாவில் எங்கள் பக்கத்து வீட்டு நார்மன், கேம்ப் பகுதி சர்ச்சுகளில் இருபது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். பிழைப்புக்கு மணப்பெண், ஆசைக்கு நட்சத்திரம். இரண்டுக்கும் ஒரே கேமரா. இன்னொன்று வாங்கக் கூடாதா என்று கேட்காதீர்கள், நான் கேட்டுக் களைத்துவிட்டேன்.

வானத்துப் படங்களில் நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள வாயு மேகங்களின் சிவப்பு மட்டும் விழவே இல்லை. ஐஎஸ்ஓவை ஏற்றினார், ஒயிட் பேலன்ஸை மாற்றினார். மூன்று வருஷம் முயன்றும் சாம்பல்தான். கேமராவுக்குள் இருக்கும் ஒரு வடிகட்டிக் கண்ணாடிதான் அந்தச் சிவப்பைத் தடுக்கிறது என்று யாரோ சொல்ல, மெக்கானிக்கிடம் கொடுத்து அதைக் கழற்றியே விட்டார். அடுத்த படத்தில் மேகம் மாதுளை முத்தாகச் சிவந்திருந்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை, சர்ச்சில் பழக்கமான ஆரோக்கியமணி அக்காவின் மகனுக்குக் கல்யாணம். முதல் படத்திலேயே பெண்ணின் வெள்ளை கவுன் ரோஸாக வந்தது. வெள்ளைத் தாளைப் படம்பிடித்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தார், கவுன் வெள்ளையானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் அந்தக் கண்ணாடிதான் தடுத்துவந்ததாம்; கறுப்புத் துணி அதைத் திருப்பி அனுப்ப, மாப்பிள்ளையின் கோட்டு மட்டும் மெரூனாகவே நின்றது, எந்த செட்டிங்குக்கும் மசியவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்ட அரை நாள் ஆகும். அதுவரை தாலியும் மோதிரமும் காத்திருக்குமா?

கடைசியில் ஆல்பம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடுத்தார். "இப்போ இதுதான் ஃபேஷன்க்கா" என்று நானும் கூடவே புளுகினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாவமாகக் கேட்டார்:

"ஏன் நார்மன், உன் கேமராவுல கலரே வராதா?"