பாட்டில் இருந்த கடல்

இரண்டாயிரத்து மூன்றளவில் பேர்லினில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்தேன். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. கட்டில் விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை ஒரு பொலிவியாக்காரி பிடிப்பாள். இழுத்து, மடித்து, அடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருக்கும்.

அவள் சின்ன சிடி பிளேயரில் ஸ்பானியக் காதல் பாட்டுகள் போடுவாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒருநாள், என்ன பாடுகிறான் என்று கேட்டேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான்.

"அலை வருது. அவளுடைய காலடியை அழிக்குது. அவன் கடலோடு சண்டை பிடிக்கிறான்."

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்பேன். மழை, பூத்த மரம், மலை என்று வரும். கடல்தான் அதிகம்.

"உங்கட ஊர்க் கடல் அவ்வளவு வடிவோ?"

"எங்கள் நாட்டில் கடலே இல்லை. நான் பார்த்ததும் இல்லை. பாட்டில்தான் தெரியும்."

நான் கடற்கரையில் பிறந்தவள். எங்களுக்குக் கடல் என்றால் கடற்படைப் படகும் வெடிச்சத்தமும்தான். வடிவென்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்றதும் கணவர் சிரித்தார். "பாசை விளங்காத பாட்டைக் கேட்டுட்டுக் கடல் பாக்கப் போறீரோ? ஞாயிற்றுக்கிழமையாவது படுத்து நித்திரை கொள்ளும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரயிலில் வடக்கே போன மூன்று மணி நேரமும் நாங்கள் இருவரும் நித்திரைதான்.

பால்டிக் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தூறல் வேறு. அவள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள்.

"பாட்டில் கடல் நீலம்," என்றாள்.

நான் குனிந்து ஒரு துளியை நாக்கில் வைத்தேன். உப்பே போதாது. "இது கடலில்லை," என்றேன்.

"அப்படியானால் உன்னுடையதைச் சொல்லு."

சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பதுங்குகுழி வாசலால் தெரிந்த ஒரு கீற்றுக் கடல் நினைவுக்கு வந்தது. விடியும்போது அது மயில்கழுத்து நிறம். மயிலுக்கு ஜெர்மன் சொல் தெரியவில்லை. அவளுடைய கழுத்துத் துணியைத் தொட்டு, "இப்பிடி. இன்னும் கொஞ்சம் பச்சை," என்றேன். அத்தனை பயத்துக்குள்ளும் அதைப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"இன்னும்," என்றாள்.

கால் உளைந்தது. ஈர மணலில் இருந்துகொண்டு, தெரிந்த சொற்களில் சொன்னேன்.