பெரியம்மா ஊட்டிய தோடம்பழம்

அம்மாவின் வலது கண்ணில் தேயிலைக் கிளை அடித்தபோது எனக்கு ஏழு வயது. இலங்கையில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒற்றை அறையில் நாங்கள் இருந்தோம். கொழுந்து பறிக்கையில் முன்னால் போன பெண் விலக்கிவிட்ட கிளை துள்ளி வந்து அடித்ததாம். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு அம்மா அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அடுத்த அறையில் இருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற ஒருத்தியைக் கூட்டிவந்து கண்ணில் தாய்ப்பால் விடச் செய்தாள். புளி, எலுமிச்சை, பழம் எல்லாவற்றுக்கும் தடை போட்டாள். நான்காம் நாள் கண் கோவைப்பழமாகச் சிவந்து, கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

“பூ விழுந்துருச்சு” என்று லயத்துப் பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பூ தேயிலைப் பூதான். கண்ணுக்குள் அது இருந்தால் அழகாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். “பார்வை போனா வேலையில இருந்து பேர வெட்டிருவாங்க” என்று மட்டும் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மாமாவும் நானும் அம்மாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா அம்மாவின் தம்பி. மருந்து கலந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்துக்காரரைத்தான் எல்லாரும் டாக்டரையா என்போம். அவர் கண்ணைக் கழுவிச் சொட்டு மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். பிறகு அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி ஈறை, அவர் பேச்சில் முரசை, விரலால் அழுத்தினார். இரத்தம் வந்தது. கண் வலிக்கு வாயைப் பார்க்கிற மனுஷரை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பழம் ஒண்டும் சாப்பிடுறேல்லையோ?”

“முந்தியும் பழம் வாங்க வசதியில்லீங்க. இப்ப புண்ணுக்குப் புளிப்பு ஆகாதுனு அக்கா சொல்லுதுங்க” என்றாள் அம்மா.

“ஆர் சொன்னது? முரசில ரத்தம் வருகுது. இந்த உடம்பில புண் எப்பிடி ஆறும்? சொட்டு மருந்தை நான் விடுறன். நீங்கள் தோடம்பழமோ நெல்லிக்காயோ நாளாந்தம் சாப்பிடுங்கோ. புளிப்பில ஒரு சத்து இருக்கெண்டு இப்ப புத்தகத்தில எழுதியிருக்கினம்.”

பெரியம்மாவிடம் புத்தகம் எடுபடவில்லை. “அந்தாளுக்கு என்ன, கண்ணு போனா நம்ம புள்ளைக்கில்ல போவும்” என்று கத்தினாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை இழுத்துக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்துக்கு இறங்கினார். தெரிந்த ஒருவர் தோட்டத்தில், எங்கள் ஊர் ஆரஞ்சான தோடம்பழத்தைச் சாக்குப்பை நிறையப் பறித்தோம். திரும்பி ஏறுகையில் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியின் காதில் ஏதோ சொன்னார். பூசாரி சிரித்துக்கொண்டே பழங்களை அம்மன் காலடியில் கொட்டி, கற்பூரம் காட்டி, திருநீற்றைத் தூவித் திருப்பிக் கொடுத்தார்.

“அத்தனையும் பிரசாதம். பெரியம்மாகிட்ட வேற ஏதாவது சொன்ன, தோல உரிச்சிருவேன்” என்றார் மாமா.

பெரியம்மா பழங்களைக் கண்டதும் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆத்தா குடுத்ததுக்குப் பத்தியம் ஏது என்று தானே உரித்து, கொட்டை நீக்கி, அம்மாவுக்கு ஊட்டினாள். ஒரு சுளை மிச்சம் வைத்தாலும் அம்மன் குற்றம் என்று அதட்டினாள். டாக்டரையா கூட அத்தனை கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார்.

எனக்குத்தான் பயம். பொய் சொல்லி வாங்கிய பிரசாதத்துக்காக அம்மன் அந்தக் கண்ணைப் பிடுங்கிக்கொள்வாளோ என்று தினமும் கோயில் பக்கம் பார்க்காமலே நடந்தேன். கட்டு மாற்றும்போதெல்லாம் அம்மாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, புள்ளி பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்தேன். பெரிதாகவில்லை. மூன்றாவது வாரம் குருணை கடுகாகியிருந்தது.

கடைசியாகக் கட்டை அவிழ்த்த அன்று அப்பாவும் கூட வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். டாக்டரையா அம்மாவின் இடது கண்ணைப் பொத்தி, தள்ளி நின்று விரல்களைக் காட்டினார்.

“மூணுங்க” என்றாள் அம்மா. பிறகு தயங்கி, “ஐயா சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லீங்க” என்றாள்.

டாக்டரையா குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “இனி வேலைக்குப் போகலாம்” என்றார். நான் குதித்தேன். அம்மா என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அப்பா திடீரென்று மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். “கால்ல முள்ளு” என்றார். பாதத்தை மடியில் தூக்கி வைத்து, முகத்தை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய் அந்தப் பாதத்தைத் தடவித் தடவித் தேடினேன். முள் எதுவும் இல்லை. என் கைமேல் இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் விழுந்தது.

“அம்மா, முள்ளே இல்லம்மா” என்றேன்.

“நீ வாடி. அவரு எடுத்துட்டு வரட்டும்” என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, இல்லாத முள்ளுக்காக அப்பா ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கண் மருந்தைத் தவறிப்போய் அவருக்கும் விட்டுவிட்டார்களோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.