சம்பந்தி விட்ட மீன்

எங்கள் வீட்டுக்குள் மீன் நுழைந்ததே இல்லை. திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா பவானிபூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் சைவம் சைவம்தான். ஆனால் நான் மீன் பிடிப்பேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் படகை நிறுத்தி, பிளாஸ்டிக்கில் செய்த பொய் மீனைத் தூண்டிலில் மாட்டி வீசி, சுண்டிச் சுண்டி இழுப்பேன். உயிருள்ள இறாலை முள்ளில் குத்த எனக்குக் கை வராது. அதனால்தான் பொய் இரை. கடித்த மீனை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவேன்.

கல்கத்தாவில் இதை வெளியே சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "பிடித்த பேட்கியை விட்டுவிட்டீர்களா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். பேட்கி என்பது நம் கொடுவா. அதை விடுகிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லை பெரும் பணக்காரன் என்பது அவர்கள் கணக்கு. நான் ரிட்டயரான பேங்க் ஆபீசர் என்பதால் எது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

போன குளிர்காலத்தில் என் மகள் ஒரு வங்காளிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் தங்கம். அவன் அப்பாவும் சாது. ஆனால் அந்த வீட்டில் அப்பாவுடைய அக்கா வைத்ததுதான் சட்டம். "மீன் தொடாத வீட்டுப் பெண் வந்தால் நம் அடுப்படி என்ன ஆகும்?" என்று ஒரே கேள்வியில் அந்தம்மாள் கல்யாணத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார். என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எனக்கு அந்தம்மாள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அப்போதுதான் பையனின் அப்பா, என் வருங்காலச் சம்பந்தி, போன் செய்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையை ஆசீர்வதிக்கப் போகும்போது, ஒரு பெரிய மீனுக்குப் புடவை கட்டிப் பொட்டு வைத்துத் தாம்பாளத்தில் கொண்டுபோவது அங்கே வழக்கம்.

"பெயாய் மொஷாய்," என்றார். சம்பந்தியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்த மீனை நீங்களே பிடித்தது என்றால் அக்கா வாயைத் திறக்க மாட்டாள். நானும் கூட வருகிறேன், சாட்சிக்கு."

மனைவியிடம் சொன்னேன்.

"இத்தன நாளு புடிச்சு விட்டுட்டு வந்திய. இப்ப கொல்லவும் போறியளா?"

"பிள்ளைக்காகத்தான்."

"பிள்ளைக்காகன்னா செய்ங்க. ஆனா அது என் ஃப்ரிட்ஜுக்குள்ள வரப்பிடாது. தோச மாவு இருக்கு."

மீன் நான் பிடித்ததாக இருக்கும் என்று அக்காவிடம் சொல்லி, சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதத்துக்கு ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை கடலோர ஃப்ரேசர்கஞ்சில் படகு ஏறினோம். சம்பந்தி குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு முறை வீசும்போதும் ஒரு சமையல் குறிப்பு வந்தது. தலையைப் பருப்பில் போட வேண்டும். நடுத்துண்டுக்குக் கடுகு அரைக்க வேண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல், "கொஞ்சம் சும்மா இருங்கள், மீனுக்கும் காது கேட்கும்," என்றேன்.

மத்தியானம்போல வெடுக்கென்று ஓர் இழுப்பு. நூல் சரசரவென்று ஓடியது. கொடுவா தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறியது. ஒருவழியாகப் படகோரம் கொண்டுவந்து, வாயிலிருந்து முள்ளை எடுத்து, ஈரத் துண்டில் சுற்றிச் சம்பந்தியின் கையில் கொடுத்தேன். முருகா, என் பெண்ணுக்காக, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படகுக்காரர் அதன் தலையில் அடிக்கக் கட்டையை எடுத்தார்.

"நில்," என்றார் சம்பந்தி. முகம் வெளுத்திருந்தது. "இது என்னைப் பார்க்கிறது."

"பார்க்காமல் என்ன செய்யும்? கண் இருக்கிறதே."

"வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பெயாய் மொஷாய். ஏதோ கேட்கிற மாதிரி."

பிறந்ததிலிருந்து தினம் இரண்டு வேளை மீன் சாப்பிட்ட மனிதர். நான் எட்டிப் பிடிப்பதற்குள் குனிந்து, தொட்டிலில் கிடத்துவதுபோல அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது வாலால் ஓர் அடி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. நான் அவரைத் திட்டியது தமிழில். நல்லவேளை, அவருக்குப் புரியவில்லை. ஆயுள் முழுக்க மீனை விட்டவன் நான். என் மீனை இன்னொருவர் விட்டு அன்றுதான் பார்த்தேன்.

காரில் திரும்பினோம். டயமண்ட் ஹார்பர் வந்ததும் மீன் மார்க்கெட் பக்கம் நிறுத்தச் சொன்னார். உள்ளே போனவர் ஆளே மாறிவிட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கி, கடைக்காரரோடு சண்டை போட்டு, போனதற்கு அண்ணன்போல ஒரு கொடுவாவோடு வந்தார். "பிடித்தது நீங்கள். சாட்சி நான்," என்றார்.

இரவு அது கார் டிக்கியில் ஐஸில் கிடந்தது. காலையில் மனைவி தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நான் அதற்குப் பட்டுத்துணியில் புடவை கட்டினேன். கொசுவம் சரியாக விழவில்லை என்று இரண்டு முறை அவிழ்க்கச் சொன்னாள்.

விருந்தில் சம்பந்தியின் அக்கா முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். என் மகளின் வாழ்க்கை அந்த நாக்கில் இருந்தது.

"கையால் பிடித்த மீன் ருசியே தனி. மார்க்கெட்டில் கிடைக்குமா இது?" என்றார். "பெண்ணை நல்லபடி வளர்த்திருப்பார்கள். தேதி பாருங்கள்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை மறைக்கப் பக்கத்தில் திரும்பினேன். சம்பந்தி மூன்றாவது துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நேற்று அவ்வளவு உருகினீர்களே, எப்படிச் சாப்பிட முடிகிறது?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"அது வேறு," என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. "இது எனக்கு அறிமுகம் இல்லை."