மங்கலான சாவி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் மூன்று மேசை போட்ட வடிவமைப்பு நிறுவனம் அது. ஒரு கோடு அரைப் புள்ளி அளவு விலகி நின்றாலும் நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். தெருவில் எதிரே வரும் மைத்துனரை மட்டும் கவனிக்காமல் போய்விடுவார். அது பார்வைக் குறைவில்லை என்பது இரண்டு வீட்டாருக்கும் தெரியும்.

அந்த வாரம் ஒரு பூட்டுக் கம்பெனியின் இணையதளத்துக்கு லோகோ செய்யும் வேலை வந்தது. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு சாவி. சாவிக்கு ஏழு பல். அசல் தொலைந்துபோனதால் யாரோ விசிட்டிங் கார்டைப் போனில் படம் பிடித்து, அது நாலு போன் தாண்டி வந்திருந்தது. தாண்டத் தாண்டச் சுருங்கி, ஏழு பல்லும் ஒரே ஈறாகியிருந்தது.

அவர் அதைக் கோடு கோடாகப் புதிதாக வரைந்தார். புள்ளிகளால் ஆன படம் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். கோடுகளால் வரைந்ததைச் சுவரளவு இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. அனுப்பினார். கம்பெனி முதலாளியிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘பளிச்சுன்னு இல்லையே.’

மறுநாள் ஒவ்வொரு பல்லின் விளிம்பையும் திரையின் புள்ளிக்கட்டத்தோடு பொருத்தி, பல் இடைவெளியைக் கொஞ்சம் அகட்டினார். ‘இன்னும் பளிச்சுன்னு வரல.’ மூன்றாம் நாளும் அதே பதில்தான்.

அவர் கண்ணுக்கு அந்தச் சாவி கத்திமுனை போலிருந்தது. பயமே அங்கேதான் தொடங்கியது. பூட்டு விற்கிறவருக்குத் தெரிகிற மங்கல் தனக்குத் தெரியவில்லை என்றால்? இவருடைய அண்ணனுக்கு ஐம்பதாவது வயதில் பார்வை போனது. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல, அவருக்கே தெரியாமல். இவருக்கு இப்போது நாற்பத்தொன்பது.

கண் மருத்துவரிடம் ஓடினார். கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். கோளாறு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதிலும் நிம்மதி இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் குறைப்பட்டார்.

“அந்த எழுத்துருவ எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். பாதி தெரிஞ்சாலே மீதிய ஊகிச்சிருவேன். அது பார்த்ததுல சேத்தியா?”

“பாஸ் பண்ணிட்டு அழுவுற ஒரே ஆளு நீங்கதாங்க,” என்றாள் அவள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் அன்று மாலை அவருக்குத் தெரியாமல் அவருடைய அண்ணனுக்குப் போன் செய்து, முதலில் எப்படி ஆரம்பித்தது என்று விசாரித்தாள்.

வியாழக்கிழமை மேலாளர் அம்மா மிகவும் கனிவாகப் பேசினார். கனிவு வந்தாலே காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்குள் லோகோ முடியாவிட்டால், கொஞ்ச நாள் அவர் வரைவதை விட்டுவிட்டு வாடிக்கையாளர் போன்களை எடுக்கலாமே என்றார். காதுக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் சொல்லவில்லை. சொன்னது போலத்தான் இவருக்குக் கேட்டது.

வெள்ளி காலை மடிக்கணினியோடு பூட்டுக் கடைக்கே போய்விட்டார். எங்கே மங்கலாக இருக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கெஞ்சினார். முதலாளி விரலைச் சாவியில் வைக்கவில்லை. சிவப்பில் வைத்தார்.

“இந்தச் செவப்பப் பாருங்க சார், செத்துக் கெடக்கு. எங்க கடை போர்டு மாதிரி பளிச்சுன்னு வேணும்.”

ஒரே சொல். இவர் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் பல்லைத் தீட்டியிருந்தார். அவர் கேட்டது நிறம். அவசரத்தில் கண்ணில் பட்ட கோப்பைத் திறந்து சிவப்பை ஏற்றினார். முதலாளி முகம் மலர்ந்தது. இதுதான், இனிமேல் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லி, அங்கேயே தளத்தில் ஏற்ற வைத்தார்.

ஏற்றிய பிறகுதான் பார்த்தார். அது நாலு போன் தாண்டி வந்த பழைய படம்.

“சார், இது தப்பான படம். பல்லெல்லாம் மங்கிப்போயிருக்கு.”

முதலாளி திரைக்கு மூக்கைக் கொடுத்துப் பார்த்தார். “எனக்கு நல்லாத்தான் தெரியுது. உங்க கண்ணுலதான் ஏதோ கோளாறு.”

வாரம் முழுக்க எந்த வாக்கியத்துக்கு அவர் பயந்தாரோ, அதுவேதான். இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பூட்டு விற்கிறவருக்குத் தெரியாத மங்கல் தனக்குத் தெரிகிறதே!

கூர்மையாக வரைந்த சாவி இன்றும் அவர் கணினியில் சும்மா கிடக்கிறது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் பூட்டுக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். சாவி மங்கலாகத்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த கோப்பைத் திறக்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் அவருக்கு ஐம்பது.