குணேஸ்வரியக்காவின் கரப்புடுப்பு

“அங்கயே நில்லு தம்பி. உங்க நிண்டு பாக்க என்ன பூ தெரியுது?”

சாம்பல்தீவு றோட்டால் சைக்கிளில் போகிறவனை மறித்துக் கேட்கிறார் குணேஸ்வரியக்கா. வேலியில் கூத்து உடுப்பு விரித்துக் கிடக்கிறது. “பூசணிப்பூ மாதிரிக் கிடக்கு” என்கிறான் அவன். “தாமரையடா” என்று முனகிக்கொண்டு மணிகளைப் பிரித்து மறுபடி கோக்கத் தொடங்குகிறார். கிட்ட வந்து அழகு பார்ப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. “கூத்துப் பாக்க வந்து கடைசிப் பாயில இருக்கிற கிழவிக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் தையல்.”

கூத்தில் வரும் ராசாவின் கரப்புடுப்பு சும்மா சாமான் இல்லை. கோழி கவிழ்க்கும் கரப்புக் கூடை போல இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கவேண்டும். உள்ளே வளையம், மேலே மணியும் கண்ணாடியும் வைத்துத் தைத்த சீலை. பிரம்பு வளையம் நெளிகிறதென்று, கப்பல் பெட்டிகளைக் கட்டிவரும் இரும்புப் பட்டியை என்னிடம் கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நான். கூத்துக்கு மத்தளமும் அடிப்பேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். “சீமையில இருந்து வந்தாலும் எங்கட ராசாவைச் சுத்தித்தான் நிக்கவேணும்” என்றார். எங்கள் ஊர் ராசாக்களை இவர்தான் செய்கிறார் என்று யாரிடமும் சொல்வேன்.

இத்தனை வருடமும் அந்த உடுப்பில் ஆடியவர் அவர் புருசன் இராசையா. இம்முறை முழங்கால் கைவிட்டது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ராசா வேடத்தை யோகலிங்கத்துக்குக் கொடுத்தார். என்னோடு மூட்டை தூக்குகிறவன். அவன் இடுப்புக்கு உடுப்பு எட்டவில்லை. டவுனில் வாடகைக்கு வெல்வெற் உடுப்பு எடுப்போம் என்று கதை எழும்பியது.

இராசையா கதிரையில் இருந்து பார்த்திருக்க, அவர் உடம்புக்கென்று தைத்த தையலை அக்கா பிரித்தார்.

“மெல்லப் பிரி, குணம். என்ர இடுப்பும் சேந்து வருது.”

“வந்தா அதையும் வச்சுத் தைக்கிறன். இருங்கோ பேசாமல்.”

மறுநாள் பின்னேரம், துண்டு வைத்துத் தைத்த உடுப்பை யோகலிங்கத்துக்குக் கட்டினார். அவன் நெளிந்தான்.

“அண்ணை இருக்கேக்க நான் எப்பிடியக்கா...”

“நிண்ட ஆளில அளவு பாக்க ஏலாது. ஆடு.”

மத்தளத்தைத் தட்டினேன். அவன் சுழன்றான். கரப்பு எழும்பி, ஓரிடமும் மடியாமல் விரிந்தது. கண்ணாடிகள் வெயிலை அள்ளி எறிந்தன. அக்கா வேலிவரை பின்வாங்கிப்போய்ப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு கதிரைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. ராசா வாறார்.”

இராசையா கதிரைச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்.