ரோமோ வெனிசோ, ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா!

டிராவல்ஸ் தொழிலில் டிக்கெட் போடுவது சின்ன வேலை. எங்கே போவது என்று வந்தவர்களுக்குள் முடிவாகும்வரை சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை. துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டுகிறவர்களுக்கும் கல்யாணத் தரகர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். கேரள எல்லையில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு மாடியில் என் கடை. கல்ஃபுக்குப் போகிறவர்களால் தொல்லையே இல்லை, கம்பெனி சொன்ன ஊருக்குப் பேசாமல் போவார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள். அதிலும் ஞானதாஸ் அண்ணனும் அவர் மனைவி ரோஸ்லெட் அக்காவும் என்னைப் படுத்திய பாட்டை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பசுவை யார் கறப்பது?

அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு திருப்புறத்தில். துபாயில் இருக்கும் மகன், அப்பா அம்மாவை இத்தாலிக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் ஒப்படைத்திருந்தான். நிதானமாகப் போய் வாருங்கள் என்றேன். அதெப்படி? வீட்டில் ரெண்டு பசு. கறக்கச் சம்மதித்த அயல்வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்கு மேல் முடியாது என்றுவிட்டார். போக வர ஆகும் நாளைக் கழித்தால் கையில் நிற்பது நாலு நாள். நாலு நாளில் ரெண்டு ஊருக்கு ஓடினால் பெட்டியைத் தூக்கி இறக்கவே நேரம் சரியாக இருக்கும், ஒரு ஊரைச் சொல்லுங்கள் என்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அண்ணன் ரோம் என்றார், அக்கா வெனிஸ் என்றார்.

வெனிசில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மகள் ஷைனி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன், கூட வேலை பார்க்கும் பூவார்ப் பையனை அங்கேயே கட்டிக்கொண்டாள். பையன் ஆர்.சி. கத்தோலிக்கன், அண்ணன் குடும்பமோ பழைய மிஷன் சபைப் புராட்டஸ்டண்டு. கல்யாணப் போட்டோ போனில் வந்த அன்றோடு அண்ணன் மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா ஒளித்து ஒளித்துப் பேசுவார். ஒரு தடவையாவது மகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் இத்தாலி. அதை வெளியே சொல்ல முடியாமல், "அங்க தெருவெல்லாம் வள்ளத்தில போலாமாம்" என்றார். அண்ணன் உடனே வெட்டினார்: "வள்ளத்தில போணுமெங்கி பூவாருல போலாம். அதுக்கு பிளேன் வேண்டாம்."

பவுல் போன ஊர்

அடுத்த முறை அண்ணன் வேதப்புத்தகத்தோடு வந்தார். கடைசிப் பக்கத்தில் அப்போஸ்தலர் பவுல் பயணம் போன வரைபடத்தை விரித்து, ரோமில் விரலை வைத்து, "இதில வெனிச காட்டு பாப்போம்" என்றார். நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அந்த வரைபடத்தில் எனக்கு எருசலேமைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. இல்லைதான் என்றேன். "பின்ன? வேதத்தில இல்லாத்த ஊருக்கு நாம என்னத்துக்குப் போணும்?" ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "துபாயும் இதில இல்லியே அண்ணா, மகன அனுப்பினியளே?" என்றேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று இன்னொன்றையும் கேட்டேன்: "மருமகன் ஆர்.சி.ன்னுதானே பிணக்கம்? ரோமு போப்புக்க ஊரில்லியா?" அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, சீட்டுக்குச் சண்டை போடும் பயணிகளுக்குத் தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார்: "பவுலு முதல்ல ஏறியாச்சு. போப்பு பொறவு ஏறினதாக்கும்."

வீட்டுக்குள் வெள்ளம்

கண்ணால் பார்த்தாலாவது முடிவுக்கு வருவார்கள் என்று கம்ப்யூட்டரில் வெனிஸ் வீடியோ ஒன்றைப் போட்டேன். என் கெட்ட நேரம், அது கடல் ஏறிய நாளில் எடுத்தது. கடைக்குள் முழங்கால் வெள்ளம், ஆட்கள் பலகை போட்டு நடக்கிறார்கள். அக்கா பிறந்த வீடு பொழியூரில். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அண்ணனுக்கு இது போதாதா? வேகம் வந்தால் அவர் பேச்சில் மலையாளம் ஏறிக்கொள்ளும். "கண்டோ? கண்டோ?" என்று மேசையைத் தட்டினார். "கடலு வீட்டில ஏறுறத பாக்கியதுக்கு இத்தாலிக்குப் போணுமா? உனக்கு பொழியூர் போராதா?"

அது சொல்லக் கூடாத பேச்சு. எனக்கே சுருக்கென்றது. அக்கா அதுவரை என் முன்னால் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. அவர் சொன்ன ஒரே பேச்சில் அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு மாடி இறங்கிவிட்டார். "எனக்க வீட்ட கொண்டு போனது கடலு. எனக்க மவள கொண்டு போனது ஆரு?"

ஒரே காலையில் ரெண்டு போன்

பிறகு கொஞ்ச நாள் ஆளைக் காணோம். மகனிடம் என்ன சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார். வெனிசில் இப்போது குளிரா என்று கேட்டார். குளிர்தான், ஸ்வெட்டர் வேண்டும் என்றேன். போனை வைத்துக் காப்பி குடித்து முடிக்கவில்லை, அண்ணன் கூப்பிட்டார். ரோமில் வெயில் எப்படி என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்து, அந்த இன்னொரு ஊர்க் குளிர் நெஞ்சுச்சளி உள்ளவர்களுக்கு ஆகுமா என்று கேட்டார். நெஞ்சுச்சளி யாருக்கு அண்ணா என்றேன். சின்ன வயதில் ஷைனிக்கு உண்டு என்று சொல்லிவிட்டு, அவசரமாகச் சேர்த்தார்: "சும்மா கேட்டதாக்கும். அக்காகிட்ட சொல்லாத."

பெட்டியும் ஆளும்

கடைசியில் அண்ணன் தனியாக வந்து உட்கார்ந்தார். "ரோமுக்கே போடு. சபையில எல்லாரிட்டயும் சொல்லியாச்சு." சரி, ஒரு வழியாகத் தொல்லை விட்டது என்று நினைத்தேன், அக்காவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. எழுந்தவர் வாசலில் நின்று, பிளேனில் எவ்வளவு பலகாரம் கொண்டுபோகலாம் என்று கேட்டார். என்ன பலகாரம் என்றேன். அச்சப்பம், முறுக்கு, பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய டின் நிறைய முந்திரிக்கொத்து.

நம் பக்கத்தில் டின் டின்னாக முந்திரிக்கொத்து சுடுவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம் கழிந்து போகிற பெண்ணுக்கு அவள் வீட்டார் கொடுத்துவிடும் பலகாரம் அது. மாப்பிள்ளை வீட்டில் அதை அயலாருக்குப் பங்கு வைக்க வேண்டும். ஷைனிக்கு அது போகவே இல்லை. தெரிந்தும் விடவில்லை, "ரோமில ஆருக்கு அண்ணா இவ்வளவு?" என்றேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, பெட்டியை மட்டும் ரோமிலிருந்து வெனிசுக்கு அனுப்ப வழியுண்டா என்று கேட்டார். "ஆளில்லாத பெட்டிய நீங்க பஸ்ஸில ஏத்துவியளா?" என்றேன். "ஒரு காலமும் ஏத்தமாட்டேன்!" என்றார் விறைப்பாக. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். நான் திரையில் ரோமை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். "அப்ப பெட்டிக்க கூட ஆளையும் ஏத்து, மக்கா."

இத்தாலியில் எந்த ஊர் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம், பலகாரம் யாருக்கு என்று விசாரித்த பிறகுதான் இப்போதெல்லாம் நான் கம்ப்யூட்டரில் கை வைக்கிறேன்.